வென்று வந்த அணிக்கு விழா: வாசகர் கேள்வி பதில்

பள்ளிக் கால்பந்து சீசன் முடிந்து கோப்பைகள் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டன. பிள்ளைகளை எப்படிக் கௌரவிப்பது என்று கேட்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, பள்ளி அணிகளோடு பழகிய உடற்கல்வி ஆசிரியர்களும் நடுவர்களும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் 19 வயதுக்குட்பட்டோர் அணி குறுவட்டத்திலும் மாவட்டத்திலும் முதலிடம் பிடித்து, மண்டலப் போட்டியில் அரையிறுதி வரை போனது. மொத்தம் 18 பையன்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் 25,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். ஆண்டு விழாவோடு சேர்த்து நடத்தலாம் என்கிறார்கள் சிலர், தனி விழா வேண்டும் என்கிறார்கள் சிலர். எது சரி? எப்படி நடத்துவது?
— பெற்றோர் ஒருவர், கோத்தகிரி

பதில்: தனி விழாவே நடத்துங்கள். ஆண்டு விழாவில் நடனம், நாடகம், மதிப்பெண் பரிசு எல்லாம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் கேப்டனைக் கூப்பிடுவார்கள். அவன் கோப்பையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்குவான். மீதி 17 பேரும் கீழே நின்று கைதட்டுவார்கள். சீசன் முழுக்க ஓடிய பிள்ளைகளுக்கு அது போதாது.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த வயதுப் பிரிவில் பிளஸ் டூ பையன்கள்தான் அதிகம் இருப்பார்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று போய்விட்டால் அதற்குப் பிறகு அவர்களை ஒன்றாகச் சேர்க்கவே முடியாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமானது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எந்த நாளையும் நம்பி மைதானத்தில் பந்தல் போட முடியாது. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் ஞாயிறுகள் தோதானவை. வானம் தெளிந்திருக்கும், பிள்ளைகளும் கையில் இருப்பார்கள். ஞாயிறு என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் அம்மாக்கள் வேலை நாளில் வந்தால் ஒருநாள் கூலி போகும். அந்தக் கவலையில் வராமலே இருந்துவிடுவார்கள். யாருக்காக விழாவோ அவர்கள் வீட்டு ஆட்களே இல்லாமல் போய்விடும்.

காலை பத்தரைக்குத் தொடங்கி, சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்குள் எல்லோரும் பஸ் ஏறிவிட வேண்டும். மூன்று, நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் மேடையில் நிற்பவர் முகம் பின்வரிசைக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் ஹட்டி எனும் படகர் ஊருக்கோ எஸ்டேட் லைன் வீட்டுக்கோ நடந்து போகிற வழியில் காட்டெருமையும் கரடியும் நிற்கும். மாலை விழா வேண்டவே வேண்டாம்.

நிகழ்ச்சியின் உயிர்நாடி, ஒவ்வொரு பையனையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி அழைப்பது. இனிஷியலோடு முழுப்பெயர், ஊர், அம்மா அப்பா பெயர், அவன் ஆடும் இடம், அந்த சீசனில் அவன் செய்த ஒரு குறிப்பான காரியம். “அரவேணுவிலிருந்து வரும் இடது பின்காப்பு ஆட்டக்காரர். மாவட்டக் காலிறுதியில் கோல்கோட்டில் நின்று பந்தைத் தலையால் தடுத்தவர்” என்ற அளவுக்கு இருந்தால் போதும். ஒருவருக்கு 40 விநாடி வைத்தால் 18 பேருக்கும் 12 நிமிடம்தான் ஆகும். பதக்கத்தை அவனவன் அம்மா அப்பா கையால் போடச் சொல்லுங்கள். வர முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அவனுக்குப் பிடித்த ஆசிரியர் போடட்டும். யார் யாருக்கு யார் போடுவது என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட்டால் மேடையில் தடுமாற்றம் இருக்காது. அறிவிப்பாளர் அந்தப் பட்டியலை முந்தின நாள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நெடுகுளா, ஜக்கனாரை போன்ற ஊர்ப்பெயர்கள் வெளியூர்க்காரர் வாயில் சிதைந்தால் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் சுருங்கிப்போகும்.

பேச்சு மூன்று பேரோடு நிற்கட்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம். சிறப்பு விருந்தினர் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். பதக்கம் போடுவதை முதலிலும் உரையைக் கடைசியிலும் வைத்துவிட்டால் அவர் எப்போது வந்தாலும் விழா கெடாது.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம். பதக்கமும் பெயர்த்தகடும் 4,500, குழுப்படமும் சட்டமும் 3,500, பள்ளியில் நிரந்தரமாக இருக்கும் வெற்றிப் பலகை 2,000, ஒலிபெருக்கியும் மேடையும் 2,000, சாப்பாடு 8,000. மீதி 5,000 ரூபாயைத் தொடாமல் அடுத்த சீசனின் பந்துக்கும் வலைக்கும் வைத்துவிடுங்கள். அதையும் மேடையில் அறிவியுங்கள். கீழே உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்கான செய்தி அது. சாப்பாட்டுக்கு ஓட்டலை விடப் பெற்றோரே சமைப்பது மேல். அந்தத் தொகைக்கு அவரைக் குழம்பும் பொரியலும் பாயசமும் வயிறு நிறையக் கொடுக்கலாம். வர்க்கி வாங்குவதானால் அன்று காலையில் வாங்கி, பரிமாறும் நேரத்தில் டின்னைத் திறங்கள். ஈரக்காற்றில் அரைமணி நேரம் திறந்து கிடந்தால் மொறுமொறுப்பு போய்விடும்.

பதக்கத்தை மூன்று வாரம் முன்பே ஆர்டர் கொடுங்கள். பெயர்ப் பட்டியலைப் போனில் சொல்லாதீர்கள், குரல் பதிவாகவும் அனுப்பாதீர்கள். பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தொகுப்பு) பதிவில் உள்ளபடி தட்டச்சு செய்து, ஒவ்வொரு பையனும் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்ட பிறகு அனுப்புங்கள். அச்சுக்கு முன் கடைக்காரரிடம் மாதிரி வாங்கிப் பாருங்கள். தவறுகள் பெரும்பாலும் இனிஷியலிலும் ஆண்டிலும்தான் வரும்.

பேனரைத் துணியில் எழுதுங்கள். பிளாஸ்டிக் கொடி, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பு, தண்ணீர் பாக்கெட் ஆகியவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை. நீலகிரியில் கெடுபிடி அதற்கும் முன்பிருந்தே உண்டு. ஒரு பெரிய அண்டா, எவர்சில்வர் டம்ளர், வாழையிலை போதும். இலை மேட்டுப்பாளையத்திலிருந்துதான் ஏறி வர வேண்டும், முதல் நாளே சொல்லி வையுங்கள்.

கேள்வி: வெற்றிப் பலகையில் சீசன் கணக்கு எழுத வேண்டும். மாவட்ட இறுதியாட்டம் 1-1, டைபிரேக்கரில் 4-3 என்று ஜெயித்தோம். ஒரு ஆட்டத்துக்கு எதிரணி வரவே இல்லை. எதிரணிப் பையன் ஒருவன் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டதில் ஒரு கோல் கிடைத்தது. இதையெல்லாம் எப்படிக் கணக்கெடுப்பது?
— உடற்கல்வி ஆசிரியர், குன்னூர்

பதில்: பலகையில் எழுதுவது முப்பது வருடம் சுவரில் நிற்கும் என்பதால் இந்தக் கேள்வி எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. மிகைப்படுத்தி எழுதிய ஒரு எண்ணை பின்னால் யாராவது கண்டுபிடித்தால் மற்ற எண்கள் மேலும் நம்பிக்கை போய்விடும்.

டைபிரேக்கர், அதாவது ஆட்டம் சமமாக முடிந்தபின் இரு அணியும் மாறி மாறி அடிக்கும் பெனால்டி, ஆட்டத்தின் பகுதி அல்ல. யார் கோப்பையை எடுப்பது என்று தீர்மானிக்கும் வழி மட்டுமே. ஆகவே உங்கள் இறுதியாட்டம் ஆட்டக் கணக்கில் டிரா. “1-1, டைபிரேக்கரில் 4-3, சாம்பியன்” என்று எழுத வேண்டும். அந்த நாலு கோலும் அணியின் மொத்த கோலிலும் சேராது, அடித்த பையன் கணக்கிலும் சேராது. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். அர்ஜென்டினாவும் பிரான்ஸும் 3-3, டைபிரேக்கரில் 4-2. பிரான்ஸின் எம்பாப்பே டைபிரேக்கரிலும் ஒன்று அடித்தார், ஆனால் அவர் பெயரில் அந்த ஆட்டத்துக்கு மூன்று கோல்தான். அவரது தொடர் மொத்தமான எட்டிலும் அது சேரவில்லை. ஆட்ட நேரத்தில் கிடைத்த பெனால்டியை அடித்தால் அது வழக்கமான கோல்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எதிரணி வராத ஆட்டம் உங்களை அடுத்த சுற்றுக்கு அனுப்பியது, அவ்வளவுதான். அமைப்பாளர் அதற்கு 3-0 என்று பதிந்திருந்தாலும் அந்த மூன்றை அடித்தவர் யாருமில்லை. ஆடிய ஆட்டங்களுக்குக் கீழே தனி வரியாக “எதிரணி வராததால் முன்னேறியது: 1” என்று எழுதிவிடுங்கள். தன்வலைக் கோல் அணியின் மொத்தத்தில் சேரும், எந்த ஆட்டக்காரர் கணக்கிலும் சேராது. பந்து கடைசியாக நம் பையன் காலில் பட்டுத்தான் போனது என்று வீட்டார் வாதாடலாம். நடுவர் தாளில் என்ன இருக்கிறதோ அதுவே முடிவு.

எழுதி முடித்ததும் கூட்டிச் சரிபாருங்கள். உதாரணமாக ஆடியது 10, வெற்றி 7, டிரா 2, தோல்வி 1, அடித்த கோல் 21, வாங்கியது 8 என்று வைத்துக்கொள்வோம். பையன்கள் அடித்தது 9, 5, 3, 2, 1 என்றால் மொத்தம் 20. தன்வலைக் கோல் ஒன்று சேர்ந்து 21. இப்படி நேராகாவிட்டால் ஏதோ ஒரு ஆட்டத்தில் பிழை இருக்கிறது. பெரும்பாலும் குறுவட்ட முதல் சுற்றில்தான் இருக்கும், அங்கேதான் யாரும் குறித்து வைப்பதில்லை. கோல் அடிக்கப் பந்து கடத்திக் கொடுத்த கணக்கை ஆட்டத்தின்போதே குறித்திருந்தால் மட்டும் போடுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். கோல்கீப்பருக்கு ‘கோல் வாங்காத ஆட்டம்’ என்று ஒரு வரி கட்டாயம் கொடுங்கள். அவன் உழைப்பைக் காட்டும் எண் அது ஒன்றுதான். பாதியில் கீப்பர் மாறிய ஆட்டத்தில் இரண்டு பேர் பெயரையும் எழுதுங்கள்.

போட்டியின் பெயரிலும் நேர்மை வேண்டும். 1960-இல் தொடங்கி அகில இந்திய அளவில் பள்ளிகளுக்காக நடக்கும் சுப்ரதோ கோப்பையின் மாவட்டச் சுற்றில் நீங்கள் ஆடியிருந்தால், “சுப்ரதோ கோப்பை, மாவட்டச் சுற்று” என்று முழுதாக எழுத வேண்டும். வயதுப் பிரிவும் கல்வியாண்டும் வேண்டும். ஒரே சீசன் இரண்டு ஆண்டுகளில் பரவுவதால் ‘2024’ என்று மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்து எந்த அணி என்றே தெரியாது.

கேள்வி: என் மகள் பள்ளிப் பெண்கள் அணியில் மாற்று ஆட்டக்காரி. வாரம் நாலு நாள் காலை ஆறு மணிக்குக் குளிரில் பயிற்சிக்குப் போனாள். பாராட்டு விழாவில் இறுதியாட்டத்தில் இறங்கிய 11 பேருக்கு மட்டும் பதக்கம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கேட்டால் சண்டை போடுவதாக நினைப்பார்களோ என்று தயங்குகிறேன்.
— ஒரு தாய், கொடைக்கானல்

பதில்: தயங்காதீர்கள் அம்மா. உங்கள் பக்கம் நியாயம் மட்டுமில்லை, முன்னுதாரணமும் இருக்கிறது. உலகக் கோப்பையில்கூட ஒரு காலத்தில் இறுதியாட்டம் முடியும்போது களத்தில் நின்ற பதினோரு பேருக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள். 1978 முதல் முழு அணிக்கும் கிடைத்தது. 1930-லிருந்து 1974 வரை ஜெயித்த அணிகளில் விடுபட்டுப்போனவர்களுக்கும் பதக்கம் உண்டு என்று 2007-இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அறிவித்தது. உலக அமைப்பே பல பத்தாண்டு கழித்துத் திருத்திக்கொண்ட தவறைப் பள்ளி ஒரு வாரத்தில் திருத்திவிடலாம்.

வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் தலைமை ஆசிரியருக்கு அரைப்பக்கக் கடிதம் கொடுங்கள். போட்டிக்குப் பள்ளி அனுப்பிய நுழைவுப் படிவத்தில் அணியின் எல்லாப் பெயர்களும் இருக்கும். “அந்தப் படிவத்தில் உள்ள அனைவரையும் அணியாகக் கருதி, விடுபட்ட மாணவிகளுக்குக் காலை வணக்கக் கூட்டத்தில் பதக்கம் வழங்க வேண்டுகிறேன்” என்ற ஒரு வாக்கியமே கடிதத்தின் சாரம். உங்கள் மகள் பெயரை மட்டும் எழுதாமல் விடுபட்ட எல்லாருக்குமாகக் கேளுங்கள். மற்ற அம்மாக்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. வெற்றிப் பலகை எழுதும் முன் கடிதம் போய்விட வேண்டும், சுவரில் பதினோரு பெயர் ஏறிவிட்டால் மாற்றுவது சிரமம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் வைக்கலாம்.

மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். மாற்று ஆட்டக்காரிகள் எதிரில் நிற்காமல் பயிற்சியில் பதினோரு பேர் அணிக்கு எதிராக ஆட ஆளே கிடையாது. இறுதியாட்டத்தில் இறங்கியவர்கள் கற்றதில் பாதி உங்கள் மகளைத் தாண்டிப் போகப் பழகியதால் கற்றது. நம் மாநிலப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பை வென்றிருக்கிறது. அந்த வரிசையில் போய்ச் சேரும் வழி அவளுக்கும் திறந்துதான் இருக்கிறது.

கேள்வி: கூடலூரில் எங்கள் பள்ளிக் கண்ணாடி அலமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை. பழைய குழுப்படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, கோப்பைகள் கறுத்துப்போயின. இந்த வருட அணியின் படமும் சான்றிதழும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?
— முன்னாள் மாணவர், கூடலூர்

பதில்: தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், தேவாலா பக்கம் வாரக்கணக்கில் துணியே காயாது, படம் எப்படிக் காயும்? படம் கெடுவதற்கு முதல் காரணம் கண்ணாடி அதன்மேல் நேராக அழுந்துவது. ஈரம் நடுவில் புகுந்து, படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. சட்டம் போடும்போது படத்தைச் சுற்றி 2 மில்லிமீட்டர் கனமுள்ள மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே காற்று நிற்கும். சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரே நல்லது. சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகி நிற்கும். மூலப்படத்தின் ஃபைலைப் பள்ளிக் கணினியிலும் வெளியே இன்னொருவரிடமும் வைத்திருங்கள். படத்தின் பின்பக்கத்தில், பிள்ளைகள் நிற்கும் வரிசைப்படி பெயர்களை எழுதி வைக்க மறக்காதீர்கள். பெயரில்லாத குழுப்படங்கள் எத்தனையோ பள்ளிகளில் தொங்குகின்றன.

ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் கண்ணாடியோடு சேர்த்தே, எதிரொளி விழாமல் சாய்ந்த வெளிச்சத்தில் நன்றாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டூடியோவில் கழுவிய படமானால் கண்ணாடியோடு சுத்தமான குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து ஓரத்திலிருந்து மெல்ல நெகிழ்த்திப் பார்க்கலாம். வராவிட்டால் இன்னும் ஊறட்டும், நகத்தால் கீறக் கூடாது. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்ததானால் தண்ணீரே காட்டாதீர்கள், மை கரைந்து ஓடிவிடும்.

சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சேர்க்கைக்கோ வேலைக்கோ போகும்போது மூலச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். பின்பக்கம் முத்திரையோ மேலொப்பமோ போட வேண்டி வந்தால் பிளாஸ்டிக் மேல் எழுத முடியாது. சூட்டில் ஒட்டிய உறையைப் பிரித்தால் காகிதமும் கிழியும். கெட்டியான காகித உறையில் போட்டு, இரும்புப் பெட்டியில் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். மிதமான சூட்டில் உலர்த்தினால் பழைய நிறத்துக்குத் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கோப்பையைத் துலக்கும் முன் அது எதனால் ஆனது என்று பாருங்கள். கனமாக இருந்து, தட்டினால் கணீர் என்று ஒலித்தால் பித்தளையாக இருக்கும். களிம்பு பிடித்த பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைக்கலாம். இப்போது வரும் கோப்பைகளில் பல, பிளாஸ்டிக் மேல் முலாம் பூசியவை. புளி, சபீனா எது பட்டாலும் முலாம் போய்விடும். நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துணியால் ஒற்றி, உடனே காய்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். அலமாரியை இறுக மூடி வைப்பதே பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது. பின்பலகையில் மேலே நாலு, கீழே நாலு என்று விரல் நுழையும் துளை போட்டு, பூச்சி வராமல் கம்பிவலை அடித்தால் காற்று ஓடும்.

இறுதியாட்டப் பந்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைப்பது அழகான வழக்கம். மண் போகத் துடைத்து, நன்கு காய்ந்த பிறகு அழியாத மார்க்கரால் வெள்ளைப் பகுதியில் போடுங்கள். ஒருநாள் தொடாமல் உலரட்டும். பிறகு காற்றைப் பாதியாகக் குறைத்து வையுங்கள். முழுக் காற்றோடு வருடக்கணக்கில் இருந்தால் தையல் விரியும். ஒட்டுமொத்தமாக இறக்கிவிட்டால் மடிப்பு விழுந்து கையெழுத்து வெடிக்கும்.

கேள்வி: சாம்பியன் அணிக்கும் முன்னாள் மாணவர் அணிக்கும் ஒரு கௌரவ ஆட்டம் வைக்க நினைக்கிறோம். சென்னை, திருப்பூரிலிருந்து பழைய ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். கவனிக்க வேண்டியவை என்ன?
— ஊட்டி

பதில்: முதல் யோசனை, இரண்டு தரப்பையும் கலந்துவிடுங்கள். ஒவ்வொரு அணியிலும் பாதி மாணவர், பாதி பழைய மாணவர் என்றால் யாரும் யாரையும் ஜெயிக்க வெறியோடு ஆட மாட்டார்கள். பொதுத்தேர்வுக்கு முன் ஒரு பையன் கணுக்காலைப் பிசகிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த விழாவே பெற்றோருக்குக் கசந்துவிடும். சறுக்கிப் பந்து பறிப்பதை முன்பே தடை செய்துவிடுங்கள்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். கீழே முழு ஆட்டம் ஆடுகிறவருக்கும் இங்கே பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கும். அன்று காலை மலையேறி வந்து நேராகக் களத்தில் இறங்குவது கூடாது, முதல் நாளே வந்து தங்கட்டும். பாதிக்கு 20 நிமிடம், இடையில் 10 நிமிடம். மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டாம், வெளியே போனவர் திரும்ப உள்ளே வரலாம். ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் ஆடக் கூடாது. யாருக்காவது நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே வெளியே. ஒரு வண்டியை ஓட்டுநரோடு மைதான வாசலில் நிறுத்தியே வையுங்கள்.

ஜனவரியில் உறைபனி உருகும் நேரத்தில் புல் வழுக்கும், பதினொரு மணிக்குத் தொடங்குங்கள். கோடு போட நீற்றாத சுண்ணாம்பைத் தொடாதீர்கள். ஈரப்புல்லில் சூடேறித் தோலையும் கண்ணையும் பொசுக்கும். கோலமாவு போதும். பந்துக்குக் கீழேயே காற்று அடித்துக்கொண்டு வருவார்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அது கல்லாக இறுகும். மைதானத்தில் அளவுமானி வைத்துப் பார்த்துக் கொஞ்சம் இறக்குங்கள். நாற்பது வயது நெற்றிக்கு அது பெரிய உதவி.

கேள்வி: விழாவில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தவே ஒரு மணி நேரம் ஆகிறது. தவிர்க்க முடியுமா?
— குந்தா

பதில்: முடியும். பத்து நைலான் பொன்னாடைக்கு ஆகும் பணத்தைச் சேர்த்துப் பயிற்சியாளருக்கு ஒரே ஒரு தோடர் பூவேலைச் சால்வை வாங்குங்கள். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாகக் கையால் இழை எண்ணிப் போடும் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. கைவேலைக்கு நாள் பிடிக்கும், ஆகவே விழா பேச்சு எழுந்ததுமே சொல்லி வையுங்கள். மலிவு விலையில் மெஷினில் போட்டதை அதே பெயரில் விற்பார்கள், ஏமாற வேண்டாம். இன்னொரு சால்வைக்குப் பணம் இருந்தால் மைதானத்தில் புல் செதுக்கி, கோடு போட்டு, வலை கட்டியவருக்குப் போர்த்துங்கள்.

கேள்வி: கோப்பையோடு பிக்கப் வண்டியில் ஊர்வலம், பட்டாசு. அனுமதி தேவையா?
— பந்தலூர்

பதில்: சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவது சட்டப்படி தவறு. கொண்டை ஊசி வளைவில் நின்றபடி ஆடும்போது கவிழ்ந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிவரை நடந்தே வாருங்கள். காவல் நிலையத்தில் பாதையும் நேரமும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பட்டாசு வேண்டாம், காட்டோரத்தில் யானை எந்தப் பக்கம் மிரண்டு ஓடும் என்று சொல்ல முடியாது. மேளம் போதும்.

கேள்வி: திருப்பூரில் வேலை செய்கிறேன். என் பழைய பள்ளி அணியின் 18 பேருக்கும் பூட்ஸ் வாங்கித் தர ஆசை. விழா மேடையிலேயே கொடுத்துவிடலாமா?
— மஞ்சூர்

பதில்: மேடையில் பெயர் எழுதிய ஒரு அட்டையை மட்டும் கொடுங்கள். பூட்ஸை ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அளவெடுத்து வாங்குங்கள். 14, 15 வயதில் கால் வளர்ந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் வாங்கியது சீசன் தொடங்கும்போது விரலைக் கடிக்கும். பிளஸ் டூ முடித்துப் போகிறவர்களுக்கு அடுத்து எங்கே ஆடப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு இப்போதே வாங்கலாம்.

அளவை மாலையில், ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸோடு, எழுந்து நிற்கும்போது எடுக்க வேண்டும். காகிதத்தின் மேல் நிற்கவைத்துக் குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் நுனிவரை இரண்டு காலையும் மில்லிமீட்டரில் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘8-ஆம் நம்பர்’ என்று கேட்டு வாங்கினால் ஒரு கம்பெனியின் எட்டும் இன்னொன்றின் எட்டும் பொருந்தாது. விரல் நுனிக்கு முன்னால் அரை விரற்கடை இடம் போதும். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால் கால் உள்ளே வழுக்கிக் குதிகாலில் கொப்புளம் போடும்.

நம் மலை மைதானங்களில் புல்லை விடச் செம்மண்ணும் சரளையும்தான் அதிகம். ஆறு நீளக் குமிழ் வைத்த பூட்ஸ் மெத்தென்ற ஈரப்புல்லுக்கானது. இங்கே போட்டால் உள்ளங்காலில் குத்தி வலிக்கும், கணுக்கால் மடங்கும். குட்டையான ரப்பர் குமிழ் நிறைய உள்ளதை வாங்குங்கள். கீப்பர்கள் இருவருக்கும் பூட்ஸோடு கையுறையும் சேருங்கள். கொடுக்கும்போதே காயவைக்கும் முறையையும் சொல்லிவிடுங்கள். நனைந்த பூட்ஸை அடுப்போரத்தில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பசை விட்டு அடிப்பாகம் வாய் பிளந்துவிடும். உள்ளே இருக்கும் மெத்தட்டையை (இன்சோல்) வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் ஏறிய தாளை இரவு படுக்கும் முன் ஒருமுறை மாற்றினால் காலைப் பயிற்சிக்குப் போடும் அளவுக்குக் காய்ந்திருக்கும்.